இரண்டாவது உத்திரம்

நாலு நாள் தாமதமாகத்தான் அந்தப் படத்தில் ஊஞ்சல் கொக்கியைப் பார்த்தேன்.

மார்கழித் தேர் நாள். காலை ஒன்பதரை இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட்டை முடித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரம் மேல வீதியில் உள்ள ஒரு பழைய வீட்டின் மாடித் தளத்தைப் பற்றிய ரிப்போர்ட். அதில் சேர்க்க ஒரு படம் வேண்டியிருந்தது. காண்ட்ராக்டர் ராமலிங்கம் நாலு நாள் முன்பு வாட்ஸப்பில் அனுப்பியதைத் திறந்தேன்.

கூடத்தில் ஓர் உத்திரத்துக்குக் கீழே இரும்பு ஜாக்கி ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கிறது. சாயாமல் நிற்கிறது. அடியில் பலகை போட்டிருக்கிறார்கள். படம் வந்த அன்றைக்கு நான் இதை மட்டும்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

இப்போது படத்தைப் பெரிதாக்கினேன். ஜாக்கிக்கு அடுத்த உத்திரத்தில் ஒரு பித்தளைக் கொக்கி தெரிந்தது. ஊஞ்சல் மாட்டுகிற கொக்கி.

அந்தக் கூடத்தில் ஊஞ்சல் கொக்கி இருப்பது பின்பக்கம், சமையலறை ஓரத்தில். நான் முட்டுக் கொடுக்கச் சொன்ன உத்திரம் முன்பக்கம், தெரு ஜன்னலுக்குப் பக்கத்தில்.

நல்ல உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கெட்டது அப்படியே நிற்கிறது. மதியத்துக்கு மேல் அந்த வீதிக்குத் தேர் வரும். அந்த மாடியில் ஐம்பது பேராவது ஏறி நிற்பார்கள். அதில் ஒருவர் என் கணவர்.

என் பயமும் என் பிழைப்பும்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உடைக்காமல், அறுக்காமல், மரத்துக்குள்ளே அரித்திருக்கிறதென்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஜோசியமா?" ஜோசியம் இல்லை அம்மா. ஆனால் ஜோசியரிடம் போகிறவர்களுக்கு இருக்கிற அதே பயம் என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கும் இருக்கும்.

மர உத்திரம் எங்கே தளத்தையோ கூரையையோ தாங்குகிறதோ, அங்கே போய் மரத்தைக் கெடுக்காமல் அதன் உடம்பைச் சோதிப்பதுதான் என் வேலை. முதலில் கண்ணால் பார்ப்பேன். பிறகு கொட்டாப்புளி, தச்சர்கள் வைத்திருக்கும் மரச் சுத்தியல். தட்டினால் நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கூடாகிப் போனது பொத்தென்று சொல்லும். ஈரத்தைக் காட்ட ஒரு சின்ன மீட்டர் உண்டு. ஒரு பக்கமிருந்து ஒலியை அனுப்பி, மறுபக்கம் வந்து சேர எவ்வளவு நேரமாகிறதென்று காட்டும் கருவி ஒன்றும் உண்டு. நல்ல மரத்தில் ஒலி நேரே ஓடிவிடும். கெட்ட மரத்தில் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஊசி டிரில். குடைக் கம்பி கனத்தில் ஒரு ஊசி மரத்துக்குள் இறங்கும். இறங்க இறங்க மரம் எவ்வளவு எதிர்க்கிறதென்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். கோடு மேலே இருந்தால் மரம் இருக்கிறது. கோடு விழுந்து படுத்துவிட்டால் உள்ளே மரம் இல்லை, வெளியே பெயின்ட் மட்டும்தான் இருக்கிறது.

இவ்வளவு கருவி வைத்திருப்பவள் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நான் பயந்தாங்கொள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், உப்பனாற்று ஓரம் ஒரு பழைய கிடங்கைப் பார்க்கப் போனேன். மேலே மரப் பரண். "பலகை எல்லாம் நல்லாத்தான் இருக்குது, தைரியமா நடம்மா" என்றார் கிடங்குக்காரர். மூன்றாவது அடியில் வலது கால் பலகையோடு உள்ளே போய்விட்டது. தொடை வரைக்கும் இறங்கி, ஒரு கால் மேலே, ஒரு கால் அந்தரத்தில் என்று தொங்கினேன். கீழே பார்த்தால் உப்பு மூட்டை அடுக்கும் சிமென்ட் தரை. கருவாட்டு வாடையும் என் வியர்வை வாடையும் கலந்து வந்தது இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த மாடியானாலும் சுவரோரமாகவே நடப்பேன். நடுவில் நடக்க மாட்டேன். உத்திரம் முனையில் அழுகியிருக்கலாம், நடுவில் வளைந்திருக்கலாம். எதுவானாலும் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிடித்துத் தொங்கவாவது இடமிருக்கும் என்பது என் எண்ணம். அறிவுக்கு ஒவ்வாத எண்ணம்தான். பயம் அறிவைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிச் சிரிப்பார். கல்யாண மண்டபத்து மாடியில்கூட நான் சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி போவதைப் பக்கத்து இலைக்காரரிடம் காட்டுவார். "ஊருக்கெல்லாம் தைரியம் எழுதிக் குடுக்குற எஞ்சினியரம்மா இவுங்கதான்" என்பார். எனக்குக் கோபம் வராது. சிரிக்கிற மனிதர் ஒருவர் வீட்டில் இருந்தால் பயத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கலாம்.

சாக்பீஸ் வேண்டாம் என்றாள்

மேல வீதி வீடு விஜயாவுடையது. விஜயா என்னோடு திருப்பாதிரிப்புலியூரில் பள்ளியில் படித்தவள். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்குள் போனாள். வீடு மேற்குப் பார்த்தது. வாசலைத் தாண்டினால் நீளமான கூடம். வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு ஒன்பது தேக்கு உத்திரங்கள் குறுக்கே போகின்றன. அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அது.

தேரோடும் நாலு வீதிகளிலும் மாடி உள்ள வீடு என்றால், தேரன்று அந்த மாடி சொந்தபந்தம் எல்லோருக்கும் சொந்தம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்து ஏறிக்கொள்வார்கள். தேர் தெரு முனையில் திரும்பியதும் அத்தனை பேரும் முன்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு நகர்வார்கள்.

இந்த வருஷம் மழை ஜாஸ்தி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்து வடக்குச் சுவர் மாதக்கணக்கில் ஊறியிருந்தது. மாடித் தரையில் ஒரு விரிசலைப் பார்த்து விஜயா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள்.

ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். எட்டு உத்திரங்கள் நன்றாக இருந்தன. வாசல் பக்கமிருந்து இரண்டாவது மட்டும் வடக்கு முனையில் பொத்தென்றது. மீட்டர் ஈரம் என்றது. ஒலி தாமதமாக வந்தது. ஊசியை இறக்கினேன். இரண்டு விரல் ஆழம் வரைக்கும் கோடு ஏறி நின்றது. பிறகு விழுந்து படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. சுவரிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்கு இதே கதை.

அன்றைக்கு நான் விஜயாவிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: இந்தத் தடவை யாரையும் மேலே ஏற்றாதே. ஆனால் அவள் அதற்குள் வருகிறவர்களுக்குச் சமைக்கப் புது வெல்லம், அரிசி எல்லாம் வாங்கிப் போட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்தால் போதும், மேலே அந்த இடத்தில் கயிறு கட்டி ஆள் நிற்காமல் பார்த்துக்கொள் என்றேன். அது பொய்யில்லை. ஒழுங்காகச் செய்தால் அது போதும்.

இன்னொரு தப்பும் செய்தேன். வழக்கமாக ஒவ்வொரு உத்திரத்திலும் சாக்பீஸால் எண் எழுதிவிட்டுத்தான் கருவியை எடுப்பேன். சாக்பீஸை எடுத்ததும் விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெயின்ட் அடிச்சு ஒரு வாரம்கூட ஆவலடி. அத்தனை பேரு வருவாங்க. நோட்டுல எழுதிக்கோயேன்."

சரி என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று ராமலிங்கத்துக்குப் போன் செய்தேன். குமராட்சிக்காரர். பழைய கட்டட வேலையில் நம்பிக்கையான ஆள். இரண்டாவது உத்திரம், வடக்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஜாக்கி, மேலே நேராக நாலடி அகலத்துக்குக் கயிறு என்று சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

எங்கிருந்து எண்ணினீர்கள்?

தேரன்று காலை ஏழு மணிக்கே என் கணவர் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்குப் பயந்து தேருக்குப் போகாதவர். "நீ பார்த்த மாடி. இதுல நிக்கலன்னா வேற எதுல நிக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொக்கியைப் பார்த்ததும் அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாமி பார்க்கும்போது போனைப் பையில் போட்டுவிடும் பழக்கம். விஜயாவும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு யார் போன் எங்கே கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மூன்றாவதாக ராமலிங்கம். அவர் எடுத்தார்.

"ராமலிங்கம், மேல வீதி வீட்டுல எந்தக் கட்டைக்கு முட்டுக் குடுத்தீங்க?"

"நீங்க சொன்ன ரெண்டாவதுக்குத்தான் மேடம். வடக்குச் செவுத்துலேர்ந்து ரெண்டடி."

"எங்கருந்து எண்ணுனீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஈசானியத்துலேர்ந்துதான் மேடம். வேற எங்கருந்து எண்ணுவாங்க?"

நோட்டைத் திறந்தேன். வாசலிலிருந்து இரண்டாவது என்று என் கையெழுத்தில் இருந்தது.

ஈசானியம் என்றால் வடகிழக்கு மூலை. எங்கள் பக்கத்தில் கட்டட வேலைக்காரர்கள் எதையும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். கடைக்கால் தோண்டுவது, முதல் கல் வைப்பது, நிலை நிறுத்துவது எல்லாம். உத்திரத்தை எண்ணுவதும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். கிழக்குப் பார்த்த வீட்டில் ஈசானியம் வாசல் பக்கமே வந்துவிடும். வாசலிலிருந்து எண்ணினாலும் ஈசானியத்திலிருந்து எண்ணினாலும் கணக்கு ஒன்றுதான். ராமலிங்கமும் நானும் சேர்ந்து பார்த்த வீடுகள் பெரும்பாலும் அப்படி அமைந்தன. அமையாத வீடுகளில் சாக்பீஸ் எண் காப்பாற்றியது. விஜயா வீடு மேற்குப் பார்த்தது. ஈசானியம் வீட்டின் பின்மூலையில் இருக்கிறது.

ஜாக்கி தப்பான இடத்தில் நிற்பது பாதிதான். கயிறும் பின்பக்கம் கட்டியிருக்கிறார்கள். மாடியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் பின்னால் நிற்காதே, முன்னால் போ என்று அந்தக் கயிறு சொல்லிக்கொண்டிருக்கிறது. முன்னால்தான் செத்த உத்திரம் இருக்கிறது.

இது மொத்தமும் நான் செய்தது. சும்மா விட்டிருந்தால்கூட அவர்கள் மாடி முழுக்கப் பரவி நின்றிருப்பார்கள். நான் போய், சோதித்து, ரிப்போர்ட் எழுதி, எல்லோரையும் ஆபத்தான இடத்தில் கூட்டி வைத்திருக்கிறேன்.

ராமலிங்கத்திடம் சொன்னேன். எதிர்ப்பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பிறகு, "காட்டுமன்னார்கோயில்ல இருக்கேன் மேடம். வண்டிய எடுத்துட்டேன்" என்றார்.

பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம்

தேர் நாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிது. ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் விஜயாவுக்கும் என் கணவருக்கும் மாறி மாறி அடித்தேன். அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. "முன்பக்கம் நிற்காதீங்க" என்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றது.

போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. கூப்பிட்டால் யாராவது தெருவில் நின்று மாடியைப் பார்த்து இறங்கு இறங்கு என்று கத்துவார்கள். அந்த மாடிப்படி முன்பக்கம்தான் இறங்குகிறது. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் படியைப் பார்த்து ஓடினால், இரண்டாவது உத்திரத்தின் மேல் ஓடித்தான் ஆகவேண்டும். நின்றால் தாங்கக்கூடியது ஓடினால் தாங்காது.

மரம் முறியுமுன் சத்தம் கொடுக்கும். தேக்கு கொஞ்சம் மரியாதையான மரம், சொல்லாமல் போகாது. ஆனால் கொட்டும் சங்கும் அடிக்கிற தெருவில் அது சொன்னால் யார் காதில் விழும்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், கையில் அர்ச்சனைக்குப் பூ வைத்திருந்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குடிக்கும்போது தண்ணீர் பாதி புடவையில் கொட்டியது.

ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடை. நடை என்ன நடை, ஓட்டம். அறுபதை நெருங்குகிறவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினால் எல்லோரும் வேண்டுதல் என்றே நினைத்து வழி விட்டார்கள். மேல வீதியில் தண்ணீர் தெளித்து, அந்த முனைக்கும் இந்த முனைக்கும் கோலம் போட்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனேன்.

தெற்கு முனையில் பிள்ளையார் தேர் திரும்பியிருந்தது. அதற்குப் பின்னால் முருகன் வருவார். அதற்கும் பின்னால் நடராஜர். நடராஜர் தேர் வரும்போதுதான் எல்லோரும் முன்னால் வந்து குவிவார்கள்.

விஜயா வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் தலை தலையாக இருந்தது. நடுவில் என் கணவர். என்னைப் பார்க்கவில்லை. தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதை வைத்துக் கேட்டது

வாசலில் ராமலிங்கம் நின்றிருந்தார். வண்டியை எங்கோ போட்டுவிட்டு ஓடி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடத்துக்குள் போனோம்.

முன் ஜன்னலுக்கு அருகே, வடக்குச் சுவரோரம், தரையில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் கிடந்தது. கோலமாவு சிந்தியது என்று யாரோ அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்ணாந்தேன். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் புதுப் பெயின்ட் வெடித்து மெல்லிய கோடு விட்டிருந்தது. நான் சோதித்த நாளில் அது இல்லை.

விஜயா சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாலே வாக்கியத்தில் சொன்னேன். கத்தாதே என்றும் சொன்னேன். அவள் கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படியின் கீழே போய் நின்றாள்.

"மாலா, நீயும் உன் நாத்தனாரும் வாங்க, சாமிக்குத் தட்டு எடுக்கணும்" என்று சாதாரணமாகக் குரல் கொடுத்தாள். இரண்டு பேர் இறங்கினார்கள். இறங்கியவர்களைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டுப் படியருகிலேயே நின்றாள். அடுத்து இரண்டு பேர், அடுத்து குழந்தைகளுக்குக் கல்கண்டு. அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவள் கை மட்டும் படியின் கைப்பிடியை விடவே இல்லை.

ராமலிங்கம் பின்னாலிருந்த ஜாக்கியைத் தளர்த்தித் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். எங்கே வைப்பது? என் நோட்டுப்படி ஒன்றரை அடிக்கு அப்பால் நல்ல மரம். ஆனால் அது பத்து நாள் பழைய கணக்கு, அதற்குப் பிறகும் சுவர் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. கெட்ட மரத்தில் ஜாக்கியை வைத்து ஏற்றினால் அதுவே குத்தி உடைத்துவிடும். கருவிகள் எல்லாம் கடலூரில் மேசை மேல் இருந்தன.

தட்டித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குள் கொட்டு வாசலுக்கே வந்துவிட்டது, என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கெட்ட உத்திரத்துக்கு நேர் கீழே. ஐம்பது பேரில் முப்பத்தைந்து பேராவது அப்போதும் மேலே இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் எந்த இடத்தில் நிற்கக் கூடாதென்று ஊருக்குச் சொன்னேனோ, அந்த இடத்தில் நின்று உத்திரத்தின் அடியில் காதை ஒட்டி வைத்தேன். ராமலிங்கம் ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே வந்தார்.

மரத்துக்குள் எல்லாம் கேட்டது. முதலில் காலடிகள். ஒருவர் எடை மாற்றி நிற்பது, ஒரு குழந்தை குதிப்பது, யாரோ எம்பிப் பார்த்துக் குதிகாலை ஊன்றுவது. அதற்கிடையில் சுவர்ப் பக்கமிருந்து ஒரு சின்னச் சத்தம், நகம் உடைவதுபோல். நின்றது. மறுபடியும் ஒன்று. நார் ஒவ்வொன்றாக விடுகிறது.

எனக்குக் காலோடு சிறுநீர் போய்விடும்போல் இருந்தது. எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதுதான் உண்மை. கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்டேன். பொத், பொத், பொத். சுவரிலிருந்து இரண்டடியிலும் பொத். இரண்டரை அடி தாண்டியபோது கணீரென்றது. இன்னும் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக் காட்டினேன்.

ராமலிங்கம் ஜாக்கியை அங்கே நிறுத்திப் பலகை கொடுத்துத் திருகினார். மெதுவாக, மெதுவாக என்று நான் விரலால் சொன்னேன். அடியோடு தூக்கிவிடக் கூடாது. தொட்டுப் பிடித்தால் போதும். அந்த நேரத்தில் தெருவில் எழுந்த கூச்சலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நடராஜர் தேர் திரும்பிவிட்டது. மேலே அத்தனை காலும் ஒன்றாக முன்னால் நகர்ந்தது. என் தலையில், தோளில் சுண்ணாம்பு கொட்டியது. ஜாக்கி ஒரு முறை முனகியது. ராமலிங்கம் கடைசித் திருகலில் இரண்டு கையையும் வைத்தபடி அசையாமல் நின்றார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. காதை மறுபடியும் உத்திரத்தில் ஒட்டி வைத்தேன்.

தேர் எவ்வளவு நேரம் நின்றது, எப்போது நகர்ந்தது என்று எனக்குத் தெரியாது. சாமியை நான் பார்க்கவில்லை. மேலே காலடிகள் தளர்ந்து பரவிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

கயிற்றுக்குக் காவல்

விஜயா இரண்டிரண்டு பேராக எல்லோரையும் இறக்கினாள். கடைசியாக என் கணவர் இறங்கி வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையச் சந்தோஷம். தலையெல்லாம் வெள்ளையாக நின்ற என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"நீ எப்ப வந்தே? மேல வந்திருக்கலாமே. காலைலேர்ந்து உன் வேலையத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒருத்தனையும் அந்தக் கயிறு பக்கம் விடலயே. என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா, எல்லாரும் முன்னாடி வாங்கன்னு ஒவ்வொருத்தரா புடிச்சு இழுத்து விட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பயத்தை அவர் மதித்த ஒரே நாள் அது.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அங்கேயே சொன்னேன். தப்பு என்னுடையது, எண் எழுதாமல் விட்டேன், எங்கிருந்து எண்ணுவதென்று சொல்லாமல் விட்டேன், படத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன் என்று சொன்னேன். யாரோ ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ராமலிங்கம், "என் மேலயும் தப்பு இருக்குது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். விஜயா ஒரு துண்டை எடுத்து வந்து என் தலையைத் துடைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பொங்கல் கழிந்து அந்தச் சுவரைத் திறந்தோம். அன்றைக்கு என் கணவரும் வருகிறேன் என்று வந்தார். பூச்சை உடைத்ததும் உத்திரத்தின் முனை தெரிந்தது. சுவருக்கு வெளியே இருந்த பாகத்தில் பளபளவென்று பெயின்ட். அவர் முனையில் கையை வைத்து லேசாக அழுத்தினார். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஈரமான பழுப்புத் தூள் இருந்தது.

"நான் நின்ன எடம் எது?" என்று கேட்டார்.

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அங்கிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் கண்ணாலேயே அளந்தார். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "எண்ணுறதுக்கு முன்னாடி எங்கருந்துன்னு சொல்லணும். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கே நான் சொல்லுவேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை வியர்த்திருந்தது.

இப்போதெல்லாம் நான் எண்ணை நம்புவதில்லை. கெட்ட உத்திரத்தில் நானே ஏறிச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் வருகிறேன். யார் வீட்டுப் புதுப் பெயின்டானாலும் சரி.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தி மாடியில். நான் வழக்கம்போல் சுவரை ஒட்டி நடந்துபோய் இலை முன்னால் உட்கார்ந்து, அவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதை ஒட்டியே மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. பக்கத்து இலைக்காரரிடம் காட்டவும் இல்லை.